எங்களுக்கு இரண்டு கல்யாணம், மகனுக்கு ஒன்றுகூட இல்லை

1

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்கார இளைஞன், மணையில் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதியின் காலில் சொம்பால் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறான். துண்டால் துடைக்கிறான். சந்தனம் வைக்கிறான். பின்னால் நாதஸ்வரம் ஒலிக்கிறது. கீழே, "நம் பிள்ளைகள் மறந்தாலும் வெள்ளைக்காரன் மறக்கவில்லை. இதுதான் தமிழ்ப் பண்பாடு. பெருமையோடு பகிருங்கள்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கால்களில் ஒரு ஜோடி என்னுடையது.

துபாயில் எடுத்த வீடியோ கோவில்பட்டிக்குப் போய், என் நாத்தனார் வழியாக எனக்கே திரும்பி வந்தது. கூடவே அவளுடைய குரலும் வந்தது. "மதினி, இது நீங்களும் அண்ணனும்தானே? தெருவே பாத்துருச்சு. எம்புட்டுப் பெருமையா இருக்கு தெரியுமா! யாரு மதினி அந்தத் தம்பி?"

அவளுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தம்பியின் பெயர் கானர். அயர்லாந்துக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். என் மகன் கார்த்தியின் கணவன். டப்ளினில் அரசாங்கப் பதிவு அலுவலகத்தில், சாட்சிகள் முன்னால், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இது தெரிந்திருந்தால் அந்த வீடியோவைப் பெருமையோடு பகிர்ந்தவர்கள் எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள்? அதே விரல்களால் என் மகனைப் பற்றியும் என் வயிற்றைப் பற்றியும் என்னவெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இருதயப் படங்களையும் கும்பிடு படங்களையும் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டுகிறது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் இருக்கும் இந்த வளைகுடா ஊர்ச் சட்டத்தில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

2

நான் ஷார்ஜாவில் ஒரு லேடீஸ் சலூனில் வேலை பார்க்கிறேன். புருவம் திருத்துவேன், மருதாணி வைப்பேன், மணப்பெண் அலங்காரமும் செய்வேன். என் வீட்டுக்காரர் அல் கூஸில் ஏசி குழாய் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். தினமும் இருட்டோடு எழுந்து, ஷார்ஜா டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே துபாய் போய், திட்டிக்கொண்டே திரும்பி வருவார். கார்த்தி இங்கேயே பிறந்து, இங்கே இந்தியன் ஸ்கூலில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. மேல்படிப்புக்கு டப்ளின் போனான். வேலை கிடைத்தது. அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

வீடியோ காலில் அவன் சமையலறையில் நிற்கும்போது பின்னால் எப்போதும் ஒரே ஆள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். வீடு மாறியது, சமையலறை மாறியது, ஆள் மாறவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டேன். ஆமாம் என்றான். எனக்குப் பிடித்ததா என்றால் இல்லை. நான் பெரிய முற்போக்குக்காரி கிடையாது. பத்து நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, வி காட் மேரீட். நானும் கானரும். போன வெள்ளிக்கிழமை."

இவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கத்துவார், தட்டை எறிவார் என்று நினைத்தேன். போனை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "சர்டிபிகேட் அட்டஸ்ட் பண்ணிட்டானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளைகுடாவில் தலை நரைத்த ஒருத்தனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். எங்களுக்கு எந்தக் கல்யாணமும் முத்திரை விழுந்தால்தான் கல்யாணம்.

எங்களுக்குக் கழுகுமலையில் கல்யாணம் நடந்தது. லீவு முடிந்ததும் இவர் விமானம் ஏறிவிட்டார். மனைவியை அழைத்துவர வேண்டுமானால் இன்ன சம்பளம் இருக்க வேண்டும் என்று அப்போது விதி. இவர் சம்பளம் அதைத் தொடவில்லை. அதனால் நான் இந்த நாட்டுக்கு மனைவி இல்லை. இவர் இந்த நாட்டுக்குப் பேச்சிலர். சம்பளம் ஏறிய பிறகு சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீஸ், சென்னை, டெல்லி, தூதரகம் என்று அலைந்தோம். முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து அந்தக் காகிதத்தில் எங்கள் பெயரே தெரியவில்லை. என் கழுத்தில் கிடந்த தாலியை எந்தக் கவுண்டரிலும் எவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே, புருஷன் பெண்டாட்டி என்பதை ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவன்தான் முடிவு செய்கிறான் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. என்னையே மனைவி இல்லை என்று சொன்னவர்கள்தானே.

இவரோ பழக்கதோஷத்தில் ஒரு படி மேலே போய்விட்டார். கார்த்தி அனுப்பிய கல்யாண சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்கும் டைப்பிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அரபியில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை அது. எங்கள் விசா பேப்பர் எல்லாம் அங்கேதான் அடிப்போம். கடைக்காரர் மலையாளி, நாசர் என்று பெயர். காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"சேட்டா, இவன்மாரு பெண்ணோட பேருக்குப் பதிலா ஆணோட பேரு அடிச்சிருக்காங்க. திருத்தி வாங்கச் சொல்லுங்க."

இவர் காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டியிருக்கிறார். நாசருக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தைக் கவிழ்த்து, இவர் சட்டைப் பைக்குள் தானே மடித்துத் திணித்து, குரலைத் தாழ்த்தி, "இவிடெ மாஃபி பாய், இங்க இது நடக்காது. இது யாருக்கும் காட்ட வேண்டாம். போ, போ" என்று வெளியே அனுப்பியிருக்கிறார்.

நாசர் போலீசுக்குப் போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தார். "இவன் செத்துட்டான்னு சொன்னாக்கூட ஊர்ல தலையக் காட்டலாம்" என்றார். பெற்றவன் பேசுகிற பேச்சா இது? நான் இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. அவராகவே போட்டுச் சாப்பிட்டார்.

3

இங்கே எங்கள் கட்டடத்தின் வாசலில் "குடும்பங்களுக்கு மட்டும், பேச்சிலர்களுக்கு இடமில்லை" என்று எழுதியிருக்கும். அந்தப் பேச்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பிள்ளையும் பார்த்தவர்கள். ஊரில் பெண்டாட்டி, இங்கே அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் மேல் கட்டிலும் கீழ் கட்டிலும். வருஷக்கணக்காக ஆணும் ஆணும் ஒரே அறையில் படுத்து எழுந்தால் இந்த ஊருக்கு அது ஒழுக்கம். அங்கே என்ன நடக்கிறது என்று எவனும் கேட்பதில்லை. ஏனென்றால் வேலை நடக்க வேண்டும். அதே இரண்டு ஆண்கள், நாங்கள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் என்று வாயைத் திறந்து சொன்னால் அன்றைக்குத்தான் ஒழுக்கம் கெடும்.

முப்பதுக்கும் மேலான நாடுகளில் இப்போது இது சட்டம். கானரின் நாட்டில் மக்களே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்களாம். தாய்லாந்தில் வந்துவிட்டது, தைவானில் இருக்கிறது, நேபாளத்தில்கூடப் பதிவு செய்கிறார்கள். நம் ஊரில் டெல்லியில் வழக்குப் போட்டார்கள். இது எங்கள் வேலை இல்லை, பார்லிமென்ட்டின் வேலை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பார்லிமென்ட் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் தீபாவளி. "கலாச்சாரம் காப்பாற்றப்பட்டது" என்று போட்டவர் யார் தெரியுமா? ஊரில் ஒரு குடும்பம், துபாயின் ஒரு மூலையில் ஒரு ஃபிளாட்டில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிற மனுஷன். அவருடைய இரண்டாவது வீட்டுப் பெண்ணுக்குப் புருவம் திருத்துகிறவள் நான். எனக்குத் தெரியாதா? அதற்குக் கைதட்டியவர், மகள் கனடா போக வேண்டும் என்பதற்காக அவளை முன்பின் பார்க்காத ஒருவனோடு நிற்க வைத்துக் கல்யாணப் போட்டோ எடுத்தவர். அந்தப் போட்டோவுக்கு அலங்காரம் செய்ததும் நான்தான். கையில் வைத்த மருதாணி சிவக்கும் முன்னால் விவாகரத்து.

வெள்ளைக்காரக் கம்பெனிகளும் யோக்கியம் கிடையாது. கார்த்தியின் கம்பெனிக்கு டப்ளினிலும் ஆபீஸ், துபாயிலும் ஆபீஸ். அங்கே ஜூன் மாதம் வந்தால், இவர்களை ஆதரிக்கிறோம் என்று வாசலில் வானவில் நிறத்தில் கொடி தொங்கும். அப்பாவுக்கு வயசாகிறது, கொஞ்ச காலம் பக்கத்தில் இருக்கலாம் என்று இவன் துபாய்க்கு மாற்றல் கேட்டான். தாராளமாகப் போகலாம், ஆனால் சிங்கிள் என்று எழுதிக்கொடுத்துப் போக வேண்டும் என்றார்கள். அங்கே கொடி, இங்கே வாயில் பிளாஸ்திரி. அவன் வரவில்லை.

4

இந்த வருஷம் இவருக்கு அறுபது. விசாவை இன்னும் எத்தனை நாள் நீட்டுவார்களோ தெரியாது. கிளம்புவதற்கு முன் அறுபதாம் கல்யாணம் நடத்த வேண்டும் என்று தமிழ்ச் சங்கச் செயலாளரும் அவர் மனைவி பிரேமாவும் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் சங்கத்தின் பழைய ஆட்கள். எங்களை வைத்து அவர்களுக்கு ஒரு விழா நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, நீங்க வந்து மணையில உக்காந்தா போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் பிரேமா.

அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளைகள்தான் செய்து வைக்க வேண்டும். மகனும் மருமகளும் சேர்ந்து நின்று பெற்றவர்களுக்குப் பாத பூஜை செய்வது வழக்கம். ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் கழுவ வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் கார்த்திக்குப் போன் செய்தேன்.

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. "கானரும் வருவான்மா" என்றான்.

"வரட்டும்."

"அங்க இருக்கிற லா எனக்குத் தெரியும். ஹஸ்பண்ட்னு சொல்லுங்கன்னு நான் கேக்கல. எதுவும் சொல்லாதீங்க. ஆனா ஃப்ரெண்ட்னு மட்டும் சொல்லக் கூடாது. போன தடவை ஊர்ல மாமா வீட்ல அப்பா அப்படித்தான் சொன்னார். அவன் சிரிச்சுக்கிட்டே நின்னான். ரூமுக்குப் போய் அழுதான். இன்னொரு தடவை யாராவது சொன்னா நான் அப்பவே கிளம்பிருவேன். அப்புறம் வரவே மாட்டேன்மா. சீரியஸா சொல்றேன்."

"யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மகன் ஒன்று சொன்னால் செய்வான். அது எனக்குத் தெரியும்.

இவரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வரட்டும். ஒரு ஓரமா பேசாம நிக்கட்டும்" என்றார்.

ஏர்போர்ட்டில் இரண்டு பேரும் ஐரிஷ் பாஸ்போர்ட்டை நீட்டி, கேள்வி கேட்பார் இல்லாமல் வெளியே வந்தார்கள். இந்த ஊருக்குள் வர நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். கானர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, "அத்தை, சாப்டீங்களா?" என்றான். கார்த்தி சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். இவரைப் பார்த்தும் அதையே கேட்டான், மாமா என்று மாற்றி. இவர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

5

கராமாவில் ஒரு ரெஸ்டாரென்ட்டின் மாடி ஹால். சாஸ்திரிகள் வார நாட்களில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். ஹோம குண்டத்துக்குச் செங்கல் அடுக்க ஆரம்பித்ததும் ஹால் மேனேஜர் ஓடிவந்தார். "நோ ஃபயர், மேடம்! அலாரம் அடிக்கும், தண்ணி கொட்டும்!" சாஸ்திரிகள் யோசித்துவிட்டு, நாலு குத்துவிளக்கு போதும், பகவான் ஏற்றுக்கொள்வார் என்றார். அக்னி சாட்சி இல்லாமல் எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. இந்தக் கல்யாணம் செல்லாது என்று ஹாலில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கானரை ஓரமாக நிற்க வைப்பதாவது! அவனைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் ஈ மாதிரி மொய்த்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸ்பீக் டு அங்கிள், ஸ்பீக் இன் இங்கிலீஷ்" என்றார்கள். அல் கூஸிலிருந்து வந்திருந்த ஒர்க்‌ஷாப் பையன்களைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டு, முன் வரிசை சோபாவில் இவனை உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போதே எரிந்தது.

அவன் என்னிடம் வந்து, "அத்தை, டூ யூ வான்ட் வாட்டர்?" என்றான். பக்கத்தில் நின்ற பிரேமா கலகலவென்று சிரித்தாள்.

"நோ நோ, கானர்! அத்தை மீன்ஸ் மதர் இன் லா. சே ஆன்ட்டி."

"யெஸ், ஐ நோ," என்றான் அவன். "அத்தை."

பிரேமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கார்த்தியைப் பார்த்தாள், கானரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. நான் என் மாலையைச் சரிசெய்துகொண்டு மணையில் போய் உட்கார்ந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. பாத பூஜைக்கு முன்னால் செயலாளர் மைக்கைப் பிடித்தார். நிகழ்ச்சியில் இது கிடையாது. என்னிடம் கேட்கவும் இல்லை.

"நமது பண்பாட்டின் மீது கொண்ட பற்றினால், கடல் கடந்து அயர்லாந்து நாட்டிலிருந்து பறந்து வந்திருக்கும், நம் கார்த்தியின் உயிர் நண்பர், திருவாளர் கானர் அவர்களுக்கு, சங்கத்தின் சார்பில் பொன்னாடை!"

கார்த்திக்கு அந்தத் தமிழ் பாதிதான் புரிந்திருக்கும். செயலாளர் விடவில்லை. "ஹிஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்! ஒன்லி ஃப்ரெண்ட்ஷிப்!" என்று இங்கிலீஷிலும் சொல்லி, ஒரு பச்சைச் சால்வையைக் கானரின் தோளில் போர்த்தினார். கைதட்டல். கானர் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். ஊரில் அவன் எப்படிச் சிரித்திருப்பான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

கார்த்தி கையிலிருந்த சொம்பை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் லிஃப்ட்டை நோக்கி நடந்தான்.

நான் எழுந்துவிட்டேன்.

"அம்மா, எழுந்துக்கப்படாது, இன்னும் முடியலை" என்று சாஸ்திரிகள் பதறினார். இவர் என் சேலை முந்தானையைப் பிடித்தார். "ஏய், உக்காரு. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்" என்றேன். "டேய் கார்த்தி! நில்லுடா!"

நான் நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துச் செயலாளர் மைக்கை என் கையில் கொடுத்தார். கணவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள், இந்தப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாமல் விட்டால் என் மகன் லிஃப்ட்டுக்குள் போய்விடுவான்.

"செயலாளர் தப்பாச் சொல்லிட்டாரு" என்றேன். "கானர் ஃப்ரெண்ட் இல்ல. எங்க வீட்டு ஆளு. என் மகன்கூட நின்னு பாத பூஜை பண்ண வேண்டியது அவன்தான். கானர், கம். அந்தப் போர்வையக் கழட்டிப் போட்டுட்டு வா."

ஹாலே கைதட்டியது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், அவர்கள் அதை உபசார வார்த்தையாகக் கேட்டுக் கைதட்டினார்கள். போன்கள் எல்லாம் மேலே எழும்பின. நாதஸ்வரக் கேசட்டை யாரோ சத்தமாக வைத்தார்கள். உங்கள் போனுக்கு வந்த வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. லிஃப்ட் வாசலிலிருந்து திரும்பி வந்த என் மகன், பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து துண்டை எடுத்துக் கொடுத்தான். வெள்ளைக்காரன் மட்டும் தெரிய வேண்டும் என்று அவனை வெட்டியெடுத்துவிட்டார்கள் அந்தப் பண்பாட்டுக் காவலர்கள்.

எல்லாரும் ஏமாளிகள் இல்லை. புரிந்துகொண்ட சில குடும்பங்கள் பந்தியில் உட்காராமல் கிளம்பின. விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். போகட்டும். பாயசம் மிச்சம்.

கானர் இவர் காலைத் தொட்டதும் இவர் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். வந்ததிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். கானர் பயந்துபோய் நிமிர்ந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னான். "மாமா, சாப்டீங்களா?"

இவர் அவனையே பார்த்தார். மீசை துடித்தது. "இன்னும் இல்லப்பா" என்றார். "காலைக் கழுவு. முடிச்சுட்டு எல்லாரும் சேந்து சாப்பிடலாம்." காலை நீட்டினார்.

கார்த்தி மொழிபெயர்த்துச் சொன்னான். விழா முடிந்து கார் பார்க்கிங்கில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றான்.

"உன் தேங்க்ஸை வச்சு நாக்கு வழிக்கவா? வண்டிய எடு, கால் வலிக்குது."

அவர்கள் ஊருக்குப் போன பிறகு இவர் கானரோடு போனில் பேசுகிறார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. "ரெயின்?" என்று இவர் கேட்பார். "யெஸ் மாமா, ரெயின்" என்பான் அவன். தினமும் இதுதான்.

6

நேற்று பிரேமா சலூனுக்கு வந்தாள். எப்போதும் என்னிடம்தான் புருவம் திருத்துவாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது புருவத்தை ஆரம்பித்தேன். என் வாயில் நூல் இருக்கும்போது பதில் பேச முடியாது. அதனால் வந்து படுக்கிறவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள்.

"அக்கா, நான் உங்ககிட்ட வெளிப்படையாச் சொல்றேன். எனக்குப் புரிஞ்சிருச்சு. அவருக்கும் சொல்லிட்டேன். நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம், சத்தியமா."

நான் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஊர் வாயை மூடணும்ல. நான் ஒரு வழி யோசிச்சேன். எங்க சின்ன அண்ணன் மக இருக்கா. பி.டெக். வெளிநாடு போகணும்னு துடிக்கிறா. கார்த்திக்கு அந்த ஊர் பாஸ்போர்ட் இருக்கு. ஊர்ல கோயில்ல வச்சு ஒரு தாலியக் கட்டிட்டா, அவளுக்கு விசா ஆச்சு, உங்களுக்கும் மருமகன்னு... இல்ல, மருமகள்னு சொல்லிக்க ஒரு ஆள் ஆச்சு. அங்க போனதும் அவன் அவன்பாட்டுக்கு இருக்கட்டும், இவ இவபாட்டுக்கு இருக்கட்டும். சும்மா பேப்பர்ல மட்டும்தானேக்கா. என்ன சொல்றீங்க?"

என் மகன் மனசாரச் செய்த கல்யாணம் கலாச்சாரக் கேடு. ஒரு பெண்ணைப் பொய்யாக அவன் கழுத்தில் கட்டிவிட்டு, கடவுள் சந்நிதியில் நாடகம் போட்டு, இரண்டு சர்க்காரை ஏமாற்றினால் அது குடும்ப கௌரவம். இதைச் சொல்ல அவளுக்குக் கண்ணைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

வலது புருவம் முடிந்தது. நல்ல வளைவாக வந்திருந்தது. நான் நூலை வாயிலிருந்து எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"கலாஸ், பிரேமா. முடிஞ்சுது, எந்திரி."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். வலது புருவம் வில் மாதிரி. இடது புருவம் புதர் மாதிரி. "என்னக்கா விளையாடுறீங்க? ஒண்ணுதானே முடிஞ்சிருக்கு! சாயந்திரம் எனக்கு ஃபங்ஷன் இருக்கு!"

"இன்னொண்ணு பேப்பர்ல இருக்குன்னு வச்சுக்கோ" என்றேன். "அடுத்து யாரு? வாங்கம்மா, உக்காருங்க."